நெல்லையில் நாட்டார் கலைஞர், நூலகர் கூடுகை: மாணவர்கள் நடத்தும் முறை

கல்லூரியில் நாட்டார் கலை விழா என்றால் அதற்கு ஒரு அச்சு இருக்கிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடிய மதியம் ஆகிவிடும். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் மிஞ்சுகிற இருபது நிமிடத்தில் கரகாட்டமோ வில்லுப்பாட்டோ நடக்கும். அப்புறம் பொன்னாடை, குழுப்படம். ஆடியவர்களிடம் யாரும் மைக்கைக் கொடுப்பதில்லை. கல்லூரி நூலகத்தின் ஒப்பந்த ஊழியர் பின்னால் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இப்படி நடத்துவதற்கு நடத்தாமலே இருக்கலாம்.

இந்தக் குறிப்பு வேறு மாதிரியான ஒரு நாள் கூடுகைக்கு. 80 முதல் 100 பேர் கூடுகிற அளவு. மேடைக்கு வெளியே நிறுத்தப்படுகிற இரண்டு தரப்பாரை ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் நோக்கம். ஒரு தரப்பு கலைஞர்கள்: கணியான் கூத்து, வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகாட்டம், தோல்பாவைக்கூத்துக் குழுவினர், அவர்களில் உள்ள திருநங்கைகள், பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள். இன்னொரு தரப்பு தகவல் வேலை பார்ப்பவர்கள்: ஊர்ப்புற நூலகர்கள், ஒப்பந்த நூலக உதவியாளர்கள், பார்வையற்ற நூலக அறிவியல் பட்டதாரிகள், சைகை மொழிபெயர்ப்பாளர்கள். முதல் தரப்பிடம் இருக்கிற சரக்குக்கு முறையான பதிவு கிடையாது. இரண்டாம் தரப்புக்குப் பதிவு செய்யத் தெரியும், ஆனால் யாரும் கேட்பதில்லை. இவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒரே நாளில் கையில் ஏதாவது மிஞ்சும்.

திட்டக்குழு

ஒன்பது பேர் போதும். ஐந்து மாணவர்கள், இரண்டு கலைஞர்கள், இரண்டு நூலகப் பணியாளர்கள். பேராசிரியர் ஒருவர் கையெழுத்துக்கும் கணக்குக்கும் துணையாக இருக்கட்டும், தலைமை வேண்டாம். ஐந்து மாணவர்களும் ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே விடுதி அறை என்றிருந்தால் குழுவை அங்கேயே கலைத்துவிட்டு மறுபடி சேருங்கள்.

கலைஞரையும் நூலகரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணத்தோடு அந்தக் கூலியையும் கொடுங்கள். இதைத் தொடக்கத்திலேயே செய்யாவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு மாணவர்கள் மட்டும்தான் வருவார்கள், திட்டம் பழைய அச்சுக்கே திரும்பிவிடும். கலைஞர்களைத் தேட நிகழ்ச்சிக்குப் பத்து வாரம் முன்பே தொடங்குங்கள். கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் திருநெல்வேலியில் இருக்கிறது. தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் குழுக்களைப் பற்றிக் கேட்கலாம். தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது என்பதற்காக அந்தப் பக்கத்துக் கலைஞர்களை விட்டுவிடாதீர்கள். கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, வருகிற குழுக்கள் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை.

முதல் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: இந்த நாள் உங்களுக்கு எதற்குப் பயன்பட வேண்டும்? நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை, நல்ல தரத்தில் ஒரு பதிவு, வெளியூர் வாய்ப்பு என்று வரும் பதில்களைத் தாளில் எழுதுங்கள். நிகழ்ச்சி நிரலை அந்தத் தாளைப் பார்த்து எழுதுங்கள், துறையின் பழைய அழைப்பிதழைப் பார்த்து எழுத வேண்டாம்.

தேதி

இதில்தான் வெளியூர் ஆட்கள் சறுக்குவார்கள். சித்திரை தொடங்கி ஆவணி வரை கோயில் கொடைக்காலம். வில்லும், கணியான் கூத்தின் தோல்கருவியான மகுடமும், மேளமும் அந்த மாதங்களில்தான் ஆண்டு வருமானத்தைச் சம்பாதிக்கின்றன. புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா வந்தால் கரகாட்ட, மேளக் குழுக்களைப் பிடிக்கவே முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை வெள்ளத்தில் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் மார்கழித் தொடக்கத்தையும் நம்ப மாட்டார்கள். மிஞ்சுவது பொங்கல் முடிந்த தை, மாசி. அதிலும் சிவராத்திரியைத் தவிர்க்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு ஊரே சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும் என்பதால் அந்த வாரமும் ஆகாது.

கிழமையும் முக்கியம். கொடை பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில் அமையும். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளி. கொடையில்லாத மாசியில் வெள்ளிக்கிழமை வைத்தால் இரண்டு தரப்பும் விடுப்பு எடுக்காமல் வரலாம். ஆனால் பத்தமடைக்காரர்கள் வருகிறார்கள் என்றால் ஜும்மா தொழுகைக்கு 12.30 முதல் 2 மணி வரை இடைவெளி விடுங்கள். ரமலான் நோன்பு இந்தச் சில ஆண்டுகளாகப் பிப்ரவரி, மார்ச்சில் விழுவதால் நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம்

மொத்தத் தொகையில் பாதி, வருகிறவர்களின் சம்பளத்துக்கு. கால் பங்கு பயணம், சாப்பாடு. நூற்றுக்குப் பதினைந்து சைகை மொழிபெயர்ப்பு, சாய்தளம், பெரிய எழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு. மீதிப் பத்தில் ஒலிபெருக்கி, அச்சு, சில்லறை. பதாகை ஒன்று போதும். பொன்னாடை வாங்கும் பணத்தைச் சம்பளத்தில் சேருங்கள். ஒவ்வொரு குழுவின் வீட்டிலும் பீரோ நிறையப் பொன்னாடை இருக்கிறது.

சம்பளத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஒரு இரவுக் கொடைக்கு என்ன வாங்குவீர்கள் என்று கேளுங்கள். ‘பகல் நிகழ்ச்சிதானே, ஒரு மணி நேரம்தானே’ என்று பேரம் பேச வேண்டாம். ஒரு மணி நேரம் ஆடினாலும் ஆறேழு பேருக்கு அந்த நாள் முழுக்கப் போகிறது. பேசி முடித்ததும் நான்கில் ஒரு பங்கை அச்சாரமாகக் கொடுங்கள். அச்சாரம் வாங்காத தேதியை எந்தக் குழுவும் உறுதியான தேதியாக நினைப்பதில்லை. அதன் பிறகு வேறு அழைப்பு வந்து அவர்கள் போய்விட்டால் தவறு உங்களுடையது. உரையாற்றும் நூலகருக்கும் இதே மரியாதை உண்டு. ‘அவர் நம்ம ஆள்தானே’ என்று ஊதியம் இல்லாமல் பேச வைப்பதும் ஒரு வகை ஒதுக்கல்தான்.

மீதித் தொகை அன்று மாலை, அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன் கையில் சேர வேண்டும். கல்லூரிக் கணக்கிலிருந்து காசோலை எடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் பேராசிரியர் பெயரில் முன்பணம் எடுத்து வைக்கச் சொல்லி, நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பம் கொடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் போகும் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் வில்லை ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வில்லையை முந்தின நாளே வாங்கி வையுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அதைத் தேடி அலைந்து, பணத்தை ‘நாளைக்கு’ என்று தள்ளிப்போடுவது வழக்கமான கூத்து. கைநாட்டு வைப்பவர் இருந்தால் மை அட்டையும் வேண்டும். அதை எல்லார் முன்னாலும் மேசையில் பரப்பாமல் தனியாக முடித்துவிடுங்கள்.

இடம், ஒலி, வழி

மேடையை விட்டுவிடுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும். இரண்டு அடி உயர மேடைக்கு 24 அடி நீளச் சாய்தளம் என்று கணக்கு. கல்லூரி அரங்கில் அதற்கு இடமிருக்காது, தச்சர் போட்டுத் தருகிற ஆறடிப் பலகையில் நாற்காலி பின்னால் சரியும். தரையிலேயே ஜமுக்காளம் விரித்து, அதைச் சுற்றி அரைவட்டமாக நாற்காலி போட்டால் சிக்கல் தீர்ந்தது. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் ஊரில் ஆள்கள் நெருக்கி உட்கார்ந்து பார்க்கிற கலைகள். உயர மேடை அவற்றுக்கு உதவுவதும் இல்லை. வாசல் அகலம் 90 செண்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கழிப்பறைக்குப் படி இருந்தால் அந்த அரங்கு வேண்டாம்.

நாற்காலியில் ஒரு நுணுக்கம். விருந்தினருக்குக் குஷன் நாற்காலி, கலைஞருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி என்று பிரியும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, உதவியாளர் பழக்கத்தில் போடுவார். எல்லாம் ஒரே நாற்காலியாகவே வாடகைக்கு எடுங்கள்.

வில்லிசைக் குழு உட்கார்ந்து பாடும். வில் பத்தடி வரை நீளும், அதனால் அகலம் குறைந்தது 15 அடி விடுங்கள். மைக் தாங்கிகள் குட்டையாக இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கிக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நின்று பேசுகிற தாங்கியைக் கொண்டுவந்து, அதைக் கயிறு கட்டி வளைத்து வைப்பார். தலைமைப் பாடகரான புலவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, குடத்துக்கும் உடுக்கைக்கும் நடுவில் ஒன்று போதும். கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் உண்டு. அவற்றின் தோலை நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்றுவார்கள். அரங்குக்கு வெளியே தீ மூட்ட ஒரு மூலை, காய்ந்த ஓலை, ஒரு வாளித் தண்ணீர் தயாராக இருக்கட்டும். காவலாளிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சரியாக நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் முன் அவர் வந்து நெருப்பை அணைப்பார், தளர்ந்த தோலில் மகுடம் ‘தொப்’பென்று கேட்கும். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதென்றால் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் சட்டம் அனுமதிக்காது.

சைகை மொழிபெயர்ப்புக்கு இருவர் தேவை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறாவிட்டால் கையும் மூளையும் சோர்ந்து தவறு வரும். ‘பட்ஜெட் இல்லை, ஒருவரே சமாளிப்பார்’ என்பது மதியத்துக்கு மேல் பலிக்காது. பாளையங்கோட்டையில் காதுகேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் இருக்கின்றன. மூன்று வாரம் முன்பே அங்கே போய்க் கேட்டால் ஆளும் கிடைக்கும், உங்கள் ஏற்பாட்டின் குறையையும் சொல்வார்கள். வில்லுப்பாட்டின் கதைச் சுருக்கத்தை மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே கொடுங்கள்.

அழைப்பிதழைப் படமாக மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. அதே செய்தியைத் தட்டச்சு செய்தும் அனுப்புங்கள், வாசிக்கத் தெரியாதவருக்குக் குரல் பதிவாகவும். தட்டச்சு யூனிகோடில் இருக்க வேண்டும். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே அனுப்பினால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். அச்சுப் பிரதியில் சில 18 புள்ளி எழுத்தில் இருக்கட்டும்.

அழைக்கும் முறை

வயதான கலைஞரை ‘வாங்க, போங்க’ என்று சொல்லத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனாலும் சொல்லித்தாருங்கள். கணியான் கூத்தில் தலைமைப் பாடகர் அண்ணாவி. மற்றவர்களை அண்ணாச்சி, அக்கா, பெயர் என்று எப்படிக் கூப்பிட வேண்டும் என அவர்களிடமே கேளுங்கள். அறிமுகத்தில் சாதிப் பெயர் கூடாது. கணியான் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் உள்ளது என்பது சாதிச் சான்றிதழ் பற்றிய பேச்சுக்குத் தேவையான செய்தி, தொகுப்பாளர் மைக்கில் அறிவிக்க வேண்டிய செய்தி அல்ல.

தொண்டர்கள் கையில் சாதி அடையாள வண்ணக் கயிறு இருக்கக் கூடாது. சாதி வெறியில் பள்ளி மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட 2023 நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கல்வி நிலையங்களில் இதைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகிற கலைஞர் முதலில் பார்ப்பது, பெயர்ப்பட்டியலை நீட்டுகிற அந்தக் கையைத்தான்.

திருநங்கைக் கலைஞர்களின் பெயர் அட்டையில் அவர்கள் சொல்கிற பெயரை எழுதுங்கள், ஆதாரில் இருப்பதை அல்ல. கணக்குக்கு ஆதார் நகல் தேவைப்பட்டால் ஒருவரே வாங்கி உறையில் போட்டு ஒட்டட்டும். ஆடை மாற்றப் பூட்டுள்ள தனி அறை வேண்டும். அங்கே யாரும் செல்பேசியோடு நுழையக் கூடாது. ‘உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள்’ என்று மைக்கை நீட்டாதீர்கள். கரகத்தின் அடவைப் பற்றிக் கேளுங்கள், குழுவில் சம்பளம் எப்படிப் பிரிகிறது என்று கேளுங்கள். பார்வையற்ற நூலகரிடமும் இதே கணக்குதான்: அட்டவணைப்படுத்தும் வேலையைப் பற்றிக் கேட்காமல் தன்னம்பிக்கை உரை கேட்பது அவருடைய தொழிலை அவமதிப்பது.

சுடலைமாடன் கோயிலில் நடக்கிற கைவெட்டு (கையைக் கீறி இரத்தம் படைப்பது), சாமியாட்டம் போன்ற சடங்குப் பகுதிகளைக் கல்லூரியில் ‘கொஞ்சம் செய்துகாட்டக்’ கேட்க வேண்டாம். எது வெளியில் பாடத்தக்கது என்பதை அண்ணாவி சொல்வார்.

அன்றைய நாள்

காலை 9.30க்கு முதல் நிகழ்ச்சியே ஆட்டம் அல்லது பாட்டு, ஒரு மணி நேரம், இடைவெட்டு இல்லாமல். முதல்வர் அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் பேசலாம். அவர் வரத் தாமதமானால் குழு காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து ஆடியவர்களோடு முக்கால் மணி நேர உரையாடல். கேள்விகளை மாணவர்கள் சீட்டில் எழுதித் தரட்டும். இதனால் கூட்டத்தில் கூச்சப்படுகிறவர்களின் கேள்வியும் வரும், தேவையற்ற கேள்வியை ஓரம் கட்டவும் முடியும்.

அடுத்தது நூலகப் பணியாளர்களின் பணிநிலை அமர்வு. இதைப் பதிவு செய்யாதீர்கள், படம் எடுக்காதீர்கள். நடத்தை விதிகளுக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போவதற்கும் பயந்து பேச வேண்டியவர் வாயை மூடிக்கொள்வார். பேசியதைப் பெயர் இல்லாமல் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகே வெளியே விடுங்கள். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தி, மாணவர்களும் கலைஞர்களும் கலந்து உட்கார வேண்டும். ‘கலைஞர்களுக்குப் பொட்டலம் வாங்கி அறைக்கு அனுப்பிவிட்டோம்’ என்பது நெல்லையில் என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை.

மதியத்துக்கு மேல்தான் இந்த நாளின் முதுகெலும்பு: கலைஞரும் நூலகரும் சேர்ந்து செய்கிற அட்டவணை அமர்வு. யூடியூபில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்துக் காணொளிகள் ஏராளம். ‘கிராமத்துக் கொடை, செம ஆட்டம்’ என்ற தலைப்போடு கிடக்கும், பாடியவர் பெயர் இருக்காது. கலைஞர் தன் பெயரைத் தேடினால் தன் பாட்டு கிடைக்காது. அதை அன்றே ஒரு சிறு அளவில் சரிசெய்யலாம்.

ஒரு மேசைக்கு ஒரு கலைஞர், ஒரு நூலகர், இரண்டு மாணவர்கள். மேசைக்கு 40 நிமிடம். முன்கூட்டியே தேடி வைத்த மூன்று பதிவுகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் நிரப்புங்கள்: பாடியவர்கள் எல்லாருடைய பெயர், அவரவர் வாசித்த கருவி, கலை வடிவம், கதை அல்லது பாட்டின் பெயர், யாரிடம் கற்றது, ஊர், நிகழ்ந்த சந்தர்ப்பம், தேதி, பகிர்வுக்கான இசைவு. தேதி நினைவில்லையென்றால் ‘எந்தக் கோயில் கொடை, அந்த வருஷம் ஊரில் வேறென்ன நடந்தது’ என்று கேட்டால் ஓரளவு நெருங்கலாம். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.

இந்த மேசையில் நூலகருக்கும் வேலை சூடுபிடிக்கும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் நாட்டார் வழக்காறு 398, இசை 780 வரிசை. வில்லுப்பாட்டு வழக்கமாக 398இல் போய் உட்காரும், கர்நாடக இசை 780களில் இருக்கும். பாடுகிறவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ‘உங்கள் பாட்டு இசை அலமாரியில் இல்லை’ என்று நூலகர் விளக்கிப் பார்க்கட்டும், விவாதம் தானாக வரும். எண்ணை மாற்ற முடியாவிட்டாலும் பொருள் தலைப்பில் ‘இசை’ என்பதையும் கலைஞரின் பெயரையும் சேர்த்துவிடலாம். தோல்பாவைக்கூத்துக்கு 791.53 என்று தனி இடமே உண்டு.

புதிதாகப் பதிவு செய்தால் ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில்.

இசைவுப் படிவத்தை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவின்படி நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்வின் மீது உரிமை உண்டு, 50 ஆண்டுகள். ‘நூலகத்தில் மட்டும்’, ‘வகுப்பில் காட்டலாம்’, ‘இணையத்தில் போடலாம்’ என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள். ஒரே கட்டத்தில் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்குவது இசைவு ஆகாது. பிறகு மனம் மாறினால் யாரை அழைப்பது என்று ஒரு தொடர்பு எண்ணும் அதில் இருக்க வேண்டும். அது மூன்றாம் ஆண்டு மாணவரின் எண்ணாக இருந்தால் ஜூனில் பயனற்றுப் போகும், துறையின் எண்ணாக இருக்கட்டும்.

பக்கத்து அறையில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியப் பதிவுக்கு உதவி மேசை போடுங்கள். தேவையான ஆவணப் பட்டியலை மண்டல மையத்தில் முந்தின வாரமே வாங்கி, வருகிறவர்களுக்குத் தொலைபேசியில் வாசித்துச் சொல்லுங்கள். ‘ஆதார் கொண்டுவாங்க’ என்று மட்டும் சொன்னால் வங்கிப் புத்தகமும் குடும்ப அட்டையும் வீட்டில் இருக்கும். நகல் எடுக்கும் இயந்திரம், பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டி, இவை இருந்தால் பாதி வேலை அங்கேயே முடியும். ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். களக்காடு, பாபநாசம் பக்கம் போகிறவர்கள் பேருந்து மாறி வீடு சேர வேண்டும்.

பிறகு

அன்று கொடுக்கும் சான்றிதழில் ‘பங்கேற்றமைக்கு’ என்று மட்டும் எழுதினால் அது சுவரில் தொங்கத்தான் உதவும். முழுப்பெயர், கலை வடிவம், ஊர், தேதி, ‘ஊதியம் பெற்று நிகழ்த்தினார்’ என்ற வரி, கல்லூரி முத்திரை இருந்தால் வாரியத்துக்கும், கலை நன்மணி, கலை முதுமணி போன்ற மாவட்ட விருது விண்ணப்பத்துக்கும் ஆதாரமாக வைக்கலாம். ஒரு எழுத்து பிசகினாலும் பயன்படாது என்பதால் அச்சடிக்கும் முன் அவரவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

பதினைந்து நாளுக்குள் ஒவ்வொரு குழுவுக்கும் பதிவின் நகல் பென்டிரைவில் போக வேண்டும், செல்பேசியில் ஓடுகிற எம்பி4 வடிவில் இன்னொன்றும். அட்டவணைப் படிவங்களின் ஒரு தொகுதியைக் கல்லூரி நூலகத்துக்கும், இன்னொன்றை பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கும் கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இசைவில் ‘நூலகத்தில் மட்டும்’ என்றிருப்பதைத் தனி உறையில் பிரித்துக் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் யாராவது ஒருவர் அதை இணையத்தில் ஏற்றிவிடுவார்.

வரவு செலவை ஒரே தாளில் எழுதித் திட்டக்குழுவின் ஒன்பது பேருக்கும் அனுப்புங்கள். அதே தாளையும், எந்தக் குழுவுக்கு எந்த மாதங்கள் ஆகாது என்ற குறிப்பையும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம் ஏப்ரல் தேர்வு தொடங்குவதற்கு முன் ஒப்படைத்துவிடுங்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு தேடினால் கோப்பு கிடைக்காது.